நாலு

ஸ்பீக்கர் படத்தில் வலது பக்கம் அமத்தினால்
ஒரு சின்னச் சன்னல் திறக்கும்.
உள்ளே ஆளுக்கொரு கோடு, கோட்டில் ஒரு குமிழ்.
பிரவுசருக்கு ஒன்று. ஒலிப்பதிவு ஓடுகிற பிளேயருக்கு ஒன்று.
டிங் டிங் என்று மணியடிக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று.
கடைசியில் றிஸ்மினா.

அவள் பெயர் அங்கே எழுதியிருக்காது.
நாங்கள் கதைக்கிற செயலியின் பெயர்தான் இருக்கும்.
அதில் நான் வேறு யாரோடும் கதைப்பதில்லை.
ஆகவே அது அவள்.

இரவு ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை
நான் திருக்கடலூரில், அவள் கிண்ணியாவில்.
கொழும்புக் கம்பனி அனுப்புகிற அழைப்புகளைக்
கேட்டுக் கேட்டுத் தட்டச்சுகிறோம்:
யாரோ ஒரு காப்புறுதிக்காரர்,
யாரோ ஒரு மோட்டார் சைக்கிளின் உடைந்த விளக்கு,
விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ.
நிமிசத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
தனியே இருந்தால் நித்திரை வரும் என்று
லைனைத் திறந்தே வைத்திருப்போம்.
கதைப்பது குறைவு.
அந்தப் பக்கம் அவள் கீபோர்ட் ஓடினால்
இந்தப் பக்கம் என்னுடையதும் ஓடும்.

தை மாதம் சண்டை.
ஒரு கோப்பில் மூன்று நிமிசத்தை நான் விட்டுவிட்டேன்.
அவள் கண்டுபிடித்தாள். சுப்பர்வைசருக்குச் சொன்னாள்.
எனக்குச் சொல்லியிருக்கலாம்.
ஆயிரத்து இருநூறு வெட்டினார்கள்.
லைனை வெட்ட மனமில்லை, வெட்டினால் அவளுக்குத் தெரியும்.
குமிழைப் பிடித்துக் கீழே இழுத்தேன்,
இழுத்து, நாலில் நிறுத்தினேன்.
பூச்சியம் என்றால் பகை.
நாலு வெறும் ரோசம்.

கிழமை முடிவில் அவள் ஏதோ பகிடி அனுப்பினாள்.
சிரித்தேன். அவ்வளவுதான், முடிந்தது.
குமிழ் மட்டும் இழுத்த இடத்திலேயே கிடந்தது.
எத்தனை தரம் கணினியை மூடித் திறந்திருப்பேன்,
எத்தனை தரம் கரண்ட் போய் வந்திருக்கும்,
அது மறக்கவில்லை.

பங்குனியில் சொன்னேன்: உன்ர மைக் சரியில்லை.
சித்திரையில் பஸ் ஏறி வந்து
கடைத்தெருவில் புது ஹெட்செட் வாங்கிப் போனாள்.
மூவாயிரத்து அறுநூறு.
அண்டிரவு, "இப்ப கேக்குதா?" என்றாள்
கிணற்றுக்குள் நின்று கேட்பதுபோல.
கொஞ்சம் பரவாயில்லை என்றேன்.

நேற்று ஒரு கோப்பில் ஒரு மனிதர் முணுமுணுத்தார்.
அவரை உயர்த்தத்தான் சன்னலைத் திறந்தேன்.
வெளியே மான்கள் இரண்டு
குப்பைத்தொட்டியடியில் அட்டைப்பெட்டி கிழித்துக்கொண்டிருந்தன.
துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஊதியது.
கண் கீழே போனது.
நாலு.

மெல்ல ஏற்றினேன்,
நடுச்சாமத்தில் பால்மா டின் திறக்கிற களவோடு.
ஒரேயடியாக ஏற்றினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று.
என்ன விசர், கோடு என் பக்கத்தில் அல்லவா இருக்கிறது.
முதலில் கீபோர்ட். பிறகு மின்விசிறி,
சுற்றுக்கு ஒரு தரம் எங்கோ தட்டுப்படுகிற மின்விசிறி.
அவளுடைய சின்னவன் நித்திரையில் பல் நறுமுகிறான்.
எழுபதில் ஓர் இருமல்.
புதிய இருமல் இல்லை. வறண்டு,
நெஞ்சுக்குப் பழகிப்போன இருமல்.
எப்போது தொடங்கியது என்று
என்னிடம் பதிவில்லை.

"இருமுறியா?" என்றேன்.

அந்தப் பக்கம் விரல்கள் நின்றன.
மின்விசிறி தட்டியது, இன்னொரு தரம் தட்டியது.

"என்ன புள்ள," என்றாள்,
"இண்டைக்கு மெதுவாக் கதைக்கிறாய்?
நாலு மாசமா என்னோட கத்திக்கொண்டெல்லோ இருந்தாய்.
கோவம் போயிட்டா?"